அசைவு, நினைவு, பதில், அனுபவம்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் என்னைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "பாதியில முழிச்சுக்கிட்டா என்ன பண்றது டாக்டரம்மா?" என்பது ஒன்று. "திரும்ப முழிச்சுக்குவேன்ல?" என்பது மற்றொன்று. மருந்தின் அளவு, கண்காணிக்கும் கருவிகள், நான் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பது என்று எல்லாவற்றையும் சொல்லித் தேற்றி அனுப்புவேன். நோயாளிகள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பவர் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது அது. நாம் நிறுத்திவைப்பது சரியாக எதை?

வெளியிலிருந்து பார்த்தால் வேலை எளிமையானது. கையில் வென்ஃப்ளான் என்ற ஊசிக்குழாய் ஏற்றியிருக்கும். ப்ரொபோஃபால் என்ற வெள்ளைத் திரவத்தைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கில் செலுத்துவோம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லி. "ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வாங்க" என்போம். அரை நிமிடம் போனால் எண்கள் குழறும், பிறகு நின்றுவிடும். இமை முடியை விரல் நுனியால் வருடிப் பார்ப்போம், இமை துடிக்காது. மூச்சும் நிற்கும். முகமூடியை வைத்து நாங்கள் மூச்சு கொடுக்கத் தொடங்குவோம். எண்ணுவதும் பேசுவதும் பெருமூளைப் புறணியின் வேலை. இமைத் துடிப்பும் மூச்சும் அதற்கு வெகு கீழே மூளைத்தண்டில் நடப்பவை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் ஒரே பொத்தானில் எல்லா விளக்கும் அணைந்தது போலத் தோன்றும். அது உண்மையல்ல என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஈதர்.

நான் படித்த காலத்தில் மாவட்ட மருத்துவமனைகளில் ஈதர் இன்னும் புழக்கத்தில் இருந்தது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஊரறியக் கொடுத்துக் காட்டிய அதே ஈதர்தான். வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் அந்த வாசனை தலைமுடியை விட்டுப் போகாது. மருந்து ஏறுவதற்கு நிமிடக் கணக்கில் ஆகும் என்பதால், ஒரு மனிதர் படிப்படியாக இறங்கிப் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆர்தர் கெடல் என்ற அமெரிக்கர் இந்த இறக்கத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்து அட்டவணை போட்டிருந்தார். முதல் கட்டத்தில் வலி மங்கும், பேச்சு இருக்கும். இரண்டாம் கட்டத்தில் ஆள் திமிறுவார், உளறுவார், வீட்டில் ஒருநாளும் பேசாத வார்த்தைகளைப் பேசுவார். விழித்த பிறகு அதில் ஒன்றும் நினைவிருக்காது. மூன்றாம் கட்டத்தில் மூச்சு சீராகும். கண்மணியின் அளவையும் வயிற்றுத் தசையின் இறுக்கத்தையும் பார்த்து ஆழத்தைக் கணிப்போம். நான்காம் கட்டம் மூச்சடங்கும் இடம். அங்கே யாரையும் போக விடக்கூடாது.

ஈதர் எல்லாவற்றையும் ஒரே மருந்தாகச் செய்தது, வரிசை தவறாமல் செய்தது. அதனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சொல்ல முடிந்தது. தசை தளர்ந்துவிட்டதா, அப்படியானால் நினைவும் போயிருக்கும், வலியும் போயிருக்கும். பிறகு தூங்க ஒரு மருந்து, வலிக்கு ஒன்று, தசை தளர ஒன்று என்று தனித்தனியே வந்தன. நோயாளிக்கு அது பெரிய நன்மை. ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதும், விழிப்பதும் சுலபம். ஆனால் அடையாளங்களுக்கு இடையே இருந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது. தசை தளர்ந்திருப்பது இனி தசை தளர்ந்திருப்பதை மட்டுமே சொல்லும். பிரக்ஞை என்று நாம் ஒற்றையாகச் சொல்வது பல பொருள்களின் கூட்டு என்பது தத்துவ நூல்களில் படித்துத் தெரிந்ததல்ல. மருந்துகளைப் பிரித்தபோது கூடவே பிரிந்து வந்தது.

முதலில் பிரிந்தது அசைவு. தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய குராரே என்ற நஞ்சை 1942-ல் மான்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித் அறுவை சிகிச்சையில் தசைதளர்த்தியாகப் பயன்படுத்தினார். அது மூளையையும் மயக்குமோ என்ற சந்தேகம் சிலருக்கு இருந்தது. 1947-ல் ஸ்காட் ஸ்மித் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் தன் உடம்பிலேயே அதைச் சோதித்தார். மூச்சுத் தசைகள் முடங்கத் தேவையானதைவிட இரண்டரை மடங்கு மருந்து. சக மருத்துவர்கள் அவருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தவர், மருந்து இறங்கிய பிறகு அந்த நேரத்தில் நடந்தது, பேசியது அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். குராரே நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை அடைக்கிறது. மூளைக்கு அதனால் ஒரு மங்கலும் இல்லை.

அசைவைப் பற்றி இன்னொரு பாடமும் உண்டு. ஆவி மருந்துகளின் வீரியத்தை நாங்கள் 'மேக்' என்ற அளவால் சொல்கிறோம். 1960களில் எட்மண்ட் ஈகரும் சகாக்களும் வகுத்தது. தோலைக் கீறும்போது பாதிப் பேர் அசையாமல் இருக்க நுரையீரலில் எவ்வளவு மருந்து இருக்க வேண்டுமோ அதுதான் ஒரு மேக். செவோஃப்ளுரேன் என்ற ஆவி மருந்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1993-ல், பெருமூளை நீக்கப்பட்ட எலிகளில் ஐரா ராம்பில் இதை அளந்து பார்த்தார். அளவு மாறவே இல்லை. கத்தி பட்டதும் உடம்பு துள்ளுவதை மருந்து அடக்குவது முக்கியமாகத் தண்டுவடத்தில். மூளையின் ஆழத்தைக் காட்டுவதாக நினைத்த அளவுகோல் முதுகெலும்புக்குள் இருப்பதை அளந்துகொண்டிருந்திருக்கிறது. கூப்பிட்டால் பதில் சொல்லாமல் போவதற்கு ஒரு மேக்கில் மூன்றில் ஒரு பங்கு மருந்து போதும். அதனால்தான் கத்தி பட்டதும் கால் உதறுகிற நோயாளியைப் பார்த்து சர்ஜன் "முழிச்சிட்டார் மேடம்" என்று பதறும்போது நான் பதறுவதில்லை. காலை உதறத் தண்டுவடம் போதும்.

அடுத்து நினைவு. குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும் சோதனைக்கு வந்த பெரியவர் ஒருவருக்கு மிடாசோலம் கொஞ்சம் கொடுத்திருந்தேன். சோதனை நடக்கும்போதே நெல் விலை, மருமகன், ஆழ்துளைக் கிணறு என்று பேசிக்கொண்டே இருந்தார். வலித்தபோது முகம் சுளித்து, "மெதுவா தாயி" என்றும் சொன்னார். மதியம் வார்டில் போய்ப் பார்த்தால், "நீங்க யாரும்மா? எப்ப எனக்கு டெஸ்ட் பண்ணுவாங்க?" என்கிறார். அந்த அரை மணி நேரம் அவர் இல்லாமலா இருந்தார்? இருந்தார், பேசினார், வலித்தது. அதைப் பதிந்து வைக்க வேண்டிய ஹிப்போகாம்பஸ் மட்டும் வேலை செய்யவில்லை. மிகக் குறைந்த அளவு மருந்துக்கே முதலில் முடங்குவது இந்தப் பதிவு வேலைதான்.

ஆகவே, மறுநாள் நோயாளி "ஒன்னுமே தெரியல" என்று சொல்வது எனக்கு நிம்மதி தரும், ஆனால் அது சாட்சியம் ஆகாது. இதைச் சோதிக்க எளிமையான வழி ஒன்றை மைக்கேல் டன்ஸ்டால் 1977-ல் எழுதினார். தசைதளர்த்தி கொடுப்பதற்கு முன்பு ஒரு முன்கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிவிட வேண்டும். உடம்பெல்லாம் முடங்கினாலும் மருந்து போகாத அந்தக் கை மட்டும் அசையும். காதருகே குனிந்து, "நான் சொல்றது கேக்குதுன்னா என் கையை அழுத்துங்க" என்று சொல்ல வேண்டும். பல நாடுகளில் இப்படிச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மூச்சுக்குழாயில் ட்யூப் போட்ட பிறகு 260 பேரில் 12 பேர் கையை அழுத்தினார்கள். வலிக்கிறது என்று மீண்டும் அழுத்தியவர்களும் அவர்களில் உண்டு. விழித்த பிறகு ஒருவருக்கும் அது நினைவில்லை.

நினைவோடு விழித்து, தாங்களாகவே வந்து சொல்கிறவர்கள் மிகக் குறைவு. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாடு முழுக்க எடுத்து 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி சுமார் 19,000 பேருக்கு ஒருவர். உள்ளே புகுந்து பார்த்தால் விஷயம் தெரியும். தசைதளர்த்தி கொடுத்தவர்களில் 8,200 பேருக்கு ஒருவர். கொடுக்காதவர்களில் 1,35,900 பேருக்கு ஒருவர். முழு மயக்கத்தில் செய்த சிசேரியனில் 670 பேருக்கு ஒருவர். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுவதையே விரும்புகிறோம் என்பதற்கு உள்ள காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மருந்துகள் மூளையில் என்னதான் செய்கின்றன? ஹான்ஸ் மையரும் சார்லஸ் ஓவர்ட்டனும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் அழகான ஒற்றுமையைக் கண்டார்கள். ஆலிவ் எண்ணெயில் எந்த அளவுக்குக் கரைகிறதோ அந்த அளவுக்கு மயக்க மருந்துக்கு வீரியம். அதனால் மருந்து நரம்பணுவின் கொழுப்புச் சவ்வில் கரைந்து வேலை செய்கிறது என்றே பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1984-ல் நிக்கோலஸ் ஃபிராங்க்ஸும் வில்லியம் லீபும் கொழுப்பே இல்லாத சோதனைக் குழாயில் மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் புரதத்தை வைத்து, மயக்க மருந்துகளால் அந்த ஒளி மங்குவதைக் காட்டினார்கள். மருந்து பிடிப்பது புரதத்தைத்தான். ப்ரொபோஃபாலும் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தும் நரம்பணுவின் மேலுள்ள காபா-ஏ ஏற்பியில் உட்காருகின்றன. அதன் வழியே குளோரைடு அயனிகள் கூடுதலாக உள்ளே வரும். அந்த நரம்பணு எளிதில் துடிக்காது.

ஆனால் மூலக்கூறு மட்டும் பிரக்ஞைக்கு விளக்கம் ஆகிவிடாது. க்ளோட் பெர்னார் என்ற பிரெஞ்சு உடலியலாளர் தொட்டாற்சிணுங்கிச் செடிக்கு ஈதர் ஆவி காட்டினார். தொட்டால் அது சிணுங்கவில்லை. ஆவி விலகியதும் மறுபடி சிணுங்கியது. செடியின் அசைவும் மயங்கும், மின்மினியின் ஒளியும் மயங்கும். எந்த அணுவை, மூளையின் எந்தப் பின்னலில் மயக்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்தப் பின்னலைப் பற்றி ஒரு கணக்கு எனக்கு எப்போதும் வியப்பு. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் 6,900 கோடி சிறுமூளையில். பின்மண்டையில் இருக்கும் அந்தச் சிறுமூளை கட்டியாலோ ரத்தக்கசிவாலோ பழுதானவர் தள்ளாடுவார், பேச்சு குழறும். ஆனால் அவர் அவராகவே இருப்பார். மூளைத்தண்டின் மேற்பகுதியில் ஒரு சின்ன இடம் பழுதானாலோ ஆள் கோமாவுக்குப் போய்விடுவார். விழிப்பைத் தூண்டும் வலைப்பின்னல் அங்கிருந்து கிளம்புவதை 1949-ல் மொருஸியும் மகூனும் பூனைகளில் காட்டினார்கள். அந்தத் தூண்டுதலை வாங்கிக்கொண்டு தாலமஸும் பெருமூளைப் புறணியும் ஒன்றோடொன்று ஓயாமல் செய்தி பரிமாறுகின்றன. அணுக்களின் எண்ணிக்கையைவிட இந்தப் போக்குவரத்துதான் முக்கியம்.

ப்ரொபோஃபால் ஏறிய மூளையின் மின் அலைப் பதிவைத் திரையில் பார்த்தால் அமைதி இருக்காது. நொடிக்கு ஒன்றுக்கும் குறைவான பெரிய மெதுவான அலைகள். அவற்றின் மேல் நெற்றிப் பக்கத்தில் நொடிக்குப் பத்தை ஒட்டிய ஆல்ஃபா அலைகள். பந்தலில் உள்ள அத்தனை பேரும் ஒரே தாளத்துக்குக் கைதட்டும்போது சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு சொல் பேச முடியாது. மூளையின் நிலையும் அதுதான். இத்தாலிய ஆய்வாளர் மார்செல்லோ மாசிமினியின் குழுவினர் மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் புறணியைத் தட்டிவிட்டு, எதிரொலி எப்படிப் பரவுகிறது என்று பதிந்தார்கள். விழித்திருக்கும்போது அது பல இடங்களுக்குப் போய், இடத்துக்கு இடம் வேறுவேறு உருவம் எடுக்கிறது. கனவில்லாத ஆழ்ந்த தூக்கத்திலும் மயக்கத்திலும் தட்டிய இடத்திலேயே எழும்பி அடங்கிவிடுகிறது. அந்த எதிரொலி எவ்வளவு சிக்கலானது என்பதை ஓர் எண்ணாகச் சுருக்கும் முறையை 2013-ல் வெளியிட்டார்கள்.

இந்தக் கணக்கில் கெட்டமீன் தனியாக நிற்கும். எங்கள் ஊர்களில் தீக்காயக்காரர்களுக்குக் கட்டு மாற்ற இன்றும் கைகொடுக்கும் மருந்து அது. விலை குறைவு, மூச்சும் பெரும்பாலும் நிற்காது. கண் பாதி திறந்திருக்கும், கருவிழி மெல்ல ஆடும், கூப்பிட்டால் பதில் வராது. ஒட்டிப்போன துணியை உரித்தெடுத்தாலும் முகம் சுளிக்காது. ஒரு பெண் விழித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கேயோ உயரத்துல மிதந்துக்கிட்டு இருந்தேன்மா, கீழ கலர் கலரா ஓடுச்சு. கட்டை எப்ப மாத்துவீங்க?" என்றார். கட்டு மாற்றி முடித்திருந்தோம். அவருடைய உடம்பில் நடந்தது எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஆனால் உள்ளே ஓர் உலகமே ஓடியிருக்கிறது. கெட்டமீன் காபா வழியாக அல்லாமல், முக்கியமாக, நரம்பணுக்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்து வேலை செய்கிறது. காந்தத் துடிப்புச் சோதனையில் ப்ரொபோஃபால் எடுத்தவர்களின் எதிரொலி சுருங்கிவிட்டது. கெட்டமீன் எடுத்தவர்களுக்கு விழிப்பில் இருப்பதைப் போலவே சிக்கலாக இருந்தது. விழித்ததும் அவர்கள் நீண்ட கனவுகளைச் சொன்னார்கள். பதில் இல்லாததும் அனுபவம் இல்லாததும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியாது.

நெற்றியில் பட்டை ஒட்டி 0 முதல் 100 வரை எண் காட்டும் பிஸ் கருவி வந்த பிறகு, என்னிடம் படிக்கும் பி.ஜி. பிள்ளைகளுக்குக் கண் முழுக்க அதன் மேல்தான். 40-க்கும் 60-க்கும் நடுவே இருந்தால் போதும் என்று நிம்மதியாகிவிடுவார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் பத்துத் தன்னார்வலர்களுக்கு, ஸ்காட் ஸ்மித் செய்துகொண்டதைப் போலவே, மயக்க மருந்து இல்லாமல் தசைதளர்த்தி மட்டும் கொடுத்தார்கள். முழு விழிப்பில் இருந்தவர்களுக்கு அந்த எண் 60-க்குக் கீழே இறங்கியது. நெற்றித் தசையின் மின்துடிப்பும் அந்தக் கணக்கில் சேர்கிறது. தசை அடங்கினால் எண்ணும் அடங்குகிறது. கெட்டமீன் கொடுத்தால் நோயாளி ஆழ்ந்திருக்கும்போதே எண் ஏறும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணைப் படிப்பதற்கு முன் எந்த மருந்து உள்ளே இருக்கிறது என்று கேள் என்பேன்.

தியேட்டரில் கற்றது தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அதிகம் பயன்பட்டது. விபத்தில் தலை அடிபட்டுப் பல வாரங்களாகக் கிடக்கும் தாயின் கட்டிலருகே மகன் கேட்பான்: "நான் பேசினா அம்மாவுக்குக் கேக்குமா டாக்டர்?" ஒரு காலத்தில் இதற்குப் பதிலாக கிளாஸ்கோ அளவுகோலின் எண்ணைச் சொல்வோம். கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை. அது பதிலை அளக்கும் கோல், அனுபவத்தை அளப்பதல்ல. 2006-ல் ஏட்ரியன் ஓவன் குழுவினர் பிரிட்டனில், எந்தப் பதிலும் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் வைத்து, "டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்" என்றார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு மூளையில் எங்கே மாற்றம் தெரியுமோ அங்கேயே அவளுக்கும் தெரிந்தது. 2024-ல் வந்த பன்னாட்டு ஆய்வில், சொன்னதைச் செய்யாதவர்கள் என்று கட்டிலருகே முடிவு செய்யப்பட்ட 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைக் கேட்டு வேலை செய்தது; நான்கில் ஒருவர். இப்போது அந்த மகனிடம், "கேக்கலாம் தம்பி. கேக்குதுன்னே நினைச்சுப் பேசுங்க. வீட்டு விஷயம் சொல்லுங்க, அழுது பயமுறுத்தாதீங்க" என்கிறேன்.

இவ்வளவு இருந்தும், நரம்பணுக்களின் போக்குவரத்து ஏன் ஓர் அனுபவமாக உள்ளிருந்து தோன்ற வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 1998-ல் மூளையியலாளர் கிறிஸ்டோஃப் காக், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் பிரக்ஞைக்குரிய நரம்பணுத் தடயம் தெளிவாகிவிடும் என்று பந்தயம் கட்டினார். 2023-ல் நியூயார்க்கில் மேடையில் தோல்வியை ஒப்புக்கொண்டு, சொன்னபடி ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார். அந்தப் பந்தயம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நாளைக் காலை எட்டு மணிக்கு நான் ஒருவரை மயக்கியாக வேண்டும்.

அதனால் பிள்ளைகளிடம் நான்கு கேள்விகளையும் பிரித்துக் கேட்கச் சொல்கிறேன். நோயாளி அசையவில்லை: மருந்தாலா, தசைதளர்த்தியாலா? நினைவு பதியுமா? கூப்பிட்டால் பதில் சொல்லும் வழி அவருக்கு இருக்கிறதா? முதல் மூன்றுக்கும் பதில் தேட நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவி, வெளிமூச்சில் எவ்வளவு ஆவி என்று காட்டும் திரை, அந்த முன்கைப் பட்டை எல்லாம் இருக்கின்றன. நான்காவதான அனுபவத்தை எந்தக் கருவியும் நேராகக் காட்டுவதில்லை. மற்ற மூன்றிலிருந்து ஊகிக்கிறோம்.

ஊகம் என்று தெரிந்த பிறகு எதைச் செய்ய வேண்டும் என்பது கடினமில்லை. தசைதளர்த்தி உள்ளே இருக்கும்வரை ஆவி மருந்தை நிறுத்துவதில்லை. விழிக்கும் நேரம் ஆனதும் தளர்த்தி இறங்கியதை உறுதி செய்துகொண்டு, "கண்ணத் தொறங்க, தலையைத் தூக்குங்க" என்கிறோம். மேசையில் கிடப்பவரின் நிறத்தையோ எடையையோ பற்றித் தியேட்டரில் யார் கிண்டல் பேசினாலும் சர்ஜன் என்று பார்க்காமல் நிறுத்தச் சொல்வேன். மயங்கியவர் கையைத் தூக்கிவைக்கும்போதும் பெயர் சொல்லிச் சொல்லிவிட்டே தூக்குவேன். "தூங்கிட்டாங்களே மேடம், யார்கிட்ட பேசுறீங்க?" என்று புதிதாக வந்த சிஸ்டர் கேட்டார். தூங்கிவிட்டார் என்பது என் கணிப்பு, என் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்றேன். சரியாக இருந்தால் இரண்டு வார்த்தை வீண். தவறாக இருந்தால் அந்த இரண்டு வார்த்தைதான் அவருக்குத் துணை.